புளியமரத்துக்கு அழுத பெரியம்மா

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை ஜீப்புக்குக் காத்துக் கிடந்து, கடைசியாக வந்த ஒன்றில் முக்கால் இடம் பிடித்து உட்கார்ந்தேன். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை. பக்கத்தில் ஒரு மலைக்காரப் பெண், மடியில் உப்பு மூட்டை. பின்னால் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் டிரைவர் ஒரு கேசட்டை உள்ளே தள்ளினார். முதலில் ஒரு காக்கை கத்தியது. பிறகு ஒரு பஸ் ஆரன். பிறகு அந்தக் குரல்.

பின்னால் இருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

உப்பு மூட்டைப் பெண் கேட்டாள்: "இது யாரு பாடறது?"

"தெரியாது. செத்துப்போச்சாம்" என்றார் டிரைவர். "புளியமரத்துக் கேசட்டுன்னு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல குடுத்தான். மேல ஏறும்போது இது இல்லன்னா ஜனங்க சண்டைக்கு வர்றாங்க."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அது எங்க பெரியம்மா" என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வாரத்துக்கு ரெண்டு பேரு அப்பிடித்தான் சார் சொல்றாங்க. அந்தக் கொரலக் கேட்டா எல்லாருக்கும் பெரியம்மாவாத்தான் ஆயிடுது."

என்னுடைய பெரியம்மாதான். என் அம்மாவோடு கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவள், அவளுக்கு அக்கா முறை. ஆனால் அதை ஜீப்பில் நிரூபிக்க என்னிடம் சர்டிபிகேட் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்குத் தொழில் களையெடுப்பு, நடவு, கரும்புக்குத் தோகை உரிப்பது. பேர் வாங்கிக் கொடுத்தது ஒப்பாரி. சுற்று வட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஆள் வரும். ஆள் வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை சாப்பிடுவது. பழைய சோறோ, கூழோ, இருப்பதை நன்றாக ஒரு வயிறு சாப்பிடுவாள். "அழறதுன்னா சும்மாவா? தெம்பு வாணாமா?" என்பாள். எங்கள் தெருவில் அவளைப்போல் சிரித்துப் பேசுகிற ஆளை நான் பார்த்ததில்லை. களத்துமேட்டில் அவள் இருக்கும் பக்கம்தான் கூட்டம் இருக்கும். சாவு வீட்டுக்குப் போகிற வழியில்கூடச் சிரித்துக்கொண்டே போவாள். போய் உட்கார்ந்து வாயைத் திறந்தால் மட்டும் வேறு ஆள்.

திறப்பதற்கு முன் செத்தவரின் வீட்டுப் பெண்களில் யாரையாவது பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து மூன்று கேள்வி கேட்பாள். பேரு இன்னா. உனுக்கு இன்னா முறை. கடைசியா ஆசைப்பட்டு இன்னா சாப்ட்டாரு. இந்த மூன்றும் தெரியாமல் பாடமாட்டாள். மற்றவர்கள் பாடுகிற ஒப்பாரியில் செத்தவர் எல்லோரும் ராசாவாக இருப்பார்கள், எல்லோருக்கும் தங்கக் கட்டில் இருக்கும். பெரியம்மாவின் ஒப்பாரியில் செத்தவர் மட்டும்தான் இருப்பார்.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு கிழவர் செத்தபோது நானும் போயிருந்தேன். அவள் மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் மருமகள்காரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "ஒண்ணும் சாப்பிடல. முந்தாநேத்து வடை கேட்டாரு. வேலையா இருந்தேன், போடல."

பெரியம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

வடை கேட்ட வாயிக்கு
வாய்க்கரிசி போடறமே
சட்டி அடுப்பேறச்
சாமம் ஒண்ணு பொறுக்கலையே

அந்த மருமகள் அழுத அழுகையைச் சொல்லி முடியாது. மாமனாரோடு அவளுக்குப் பத்து வருஷம் பேச்சு இல்லை என்று பின்னால் தெரிந்தது. திரும்பி வரும்போது பெரியம்மா டீக்கடையில் நின்று வடை வாங்கி எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். "கேக்கும்போதே வாங்கித் துன்னுடணும்டா" என்றாள். சிரித்துக்கொண்டுதான்.

சாவு இல்லாமல் பாடமாட்டாள். அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டாள். ஒப்பாரியைச் சும்மா பாடினால் அது எங்கேயாவது போய் ஒரு சாவைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நடவில்கூட வேறு பாட்டுத்தான்.

இவ்வளவு சாவுக்கு அழுதவளிடம் ஒரே ஒரு ஆளுக்கு மனத்தாங்கல் இருந்தது. அது அவள் பெற்ற ஒரே மகள். எனக்கு அக்கா.

அக்காவைத் தியாகதுருகம் பக்கம் நிலம் நீச்சு உள்ள வீட்டில் கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. ஆனால் அக்கா சொல்லிச் சொல்லி நானே பார்த்ததுபோல் ஆகிவிட்டது. கல்யாணம் முடிந்து அனுப்பி வைக்கிற அன்று, ஊர் முனைப் புளியமரத்து ஸ்டாப்பில் எல்லோரும் நின்றார்கள். சித்தி அழுதாள், அத்தை அழுதாள், பந்தல்காரர்கூடக் கண்ணைத் துடைத்தாராம். பெரியம்மா மட்டும் பஸ் படியில் கைவைத்து நின்றுகொண்டு கண்டக்டரிடம் கிண்டல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, தாலி கட்டிட்டா ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொல்றாங்களே, டிக்கெட்டும் ஒண்ணுதானே?" பஸ் நகர்ந்தபோது அக்கா சன்னலில் தலையை நீட்டி அழுதுகொண்டே திரும்பிப் பார்த்தது. பெரியம்மா பல்லெல்லாம் தெரியக் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"ஊரு சாவுக்கெல்லாம் ஊத்துது கண்ணு. பெத்த மொவ போறா, ஒரு சொட்டு வர்ல" என்று அக்கா யாரைப் பார்த்தாலும் சொல்லும்.

மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வந்தபோது கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவில் போட்டோ பிடித்தார்கள். அதில் அக்காவும் மாமாவும் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் பெரியம்மா நிற்பாள், மூக்கு நுனியில் தோல் உரிந்து, அப்படியே ஒரு சிரிப்பு சிரித்தபடி. மூக்கில் என்ன என்று கேட்டதற்கு "ஆடு முட்டிச்சி" என்றாளாம். அக்காவுக்கு அதுவும் ஒரு கோபம். "கல்யாணப் போட்டோவுலயே மூக்க உரிச்சிக்கினு வந்து நிக்குது பாரு. வர்றவங்க எல்லாம் இன்னாது இன்னாதுன்னு கேக்கறாங்க." போட்டோவை அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். கழற்றவும் முடியாது; மாமா வெட்டிய கிராப்போடு அழகாக விழுந்திருந்த ஒரே படம் அது.

புகுந்த வீட்டில் அக்காவை "ஒப்பாரிக்காரி மொவ" என்று சாடையாகச் சொன்னார்கள்போல. மாமனார் செத்தபோது அக்கா, சாவுக்கு வந்த அம்மாவைக் கொல்லைப்புறம் கூப்பிட்டுக்கொண்டு போய்க் கையில் சத்தியம் வாங்கிக்கொண்டது. "இந்த ஊருல உன் கொரலு கேக்கக்கூடாது." பெரியம்மாவும் சத்தியம் செய்துவிட்டாள். சாவுக்கு வந்த அத்தனை பேரும் அவள் வாயையே பார்க்க, அவள் வெற்றிலையை மென்றுகொண்டு கல்லுப்பிள்ளையார்போல் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் மாமியார் அழுகைக்கு நடுவில் சொன்னது: "உலகத்துக்கெல்லாம் பாடறாங்க. எங்க வூட்டாளுக்கு நாலு வரி வர்ல பாத்தியா." பாடினாலும் ஏச்சு, பாடாவிட்டாலும் ஏச்சு.

திரும்பி வரும் பஸ்ஸில் பெரியம்மா என் அம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "கடைசியா பனங்கெழங்கு கேட்டாராம்டி. பனங்கெழங்குக்கு நல்ல வரியா வந்துது. வெத்தலையோட சேத்து முழுங்கிட்டேன்."

எங்கள் ஆட்கள் இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்த வருஷம் நான் காலேஜில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடக் கற்ற முதல் ஆள் நான். அதனால் பெரியம்மா என்னைக் கூப்பிடுவது "காலேசு". ஸ்காலர்ஷிப்புக்காகச் சாதிச் சான்றிதழ் வாங்க கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்குப் போகலாம் என்று அன்று காலை ஸ்டாப்புக்குப் போனால், ஸ்டாப்பையே காணோம். புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. கூட்டத்தில் கோடாலியோடு நின்றவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன்.

"அண்ணே, நான் தாலுகா ஆபீசுக்குப் போவணுமே. சர்டிபிகேட்டுக்கு."

"உனுக்காகத்தான்டா மறிச்சிக்கினு இருக்கோம்."

"நான் போனாத்தானே கிடைக்கும்?"

"நாங்க மறிச்சாத்தான்டா அதால பிரயோசனம். போயி நெழல்ல உக்காரு." சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது, உட்கார நிழல் இல்லை என்று.

மரத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளிமலை பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. உள்ளே கடுக்காய், கொட்டைப்புளி விற்றுவிட்டு மலைக்குத் திரும்புகிற சனம். பஸ் கூரைமேல் எங்கள் ஊர் மைக் செட்காரரின் குழாய் ஸ்பீக்கர் இரண்டு, பெட்டி, ஒயர். மலையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியவர் கள்ளக்குறிச்சியில் செட்டை ஏற்றிக்கொண்டு வந்து தன் ஊர் வாசலிலேயே நின்றுவிட்டார். வெயில் ஏறியது. பஸ்ஸில் பிள்ளைகள் அழுதன. களையெடுக்கப் போன பெண்களும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். பெரியம்மாவும் அதில் இருந்தாள்.

பஸ் கண்டக்டர்தான் ஆரம்பித்தார். "யாம்மா, ஊரு சாவுக்கெல்லாம் பாடறியே. இது எம்மாம்பெரிய சாவு. பாடேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்காமல் மரத்துக்கிட்டே போனாள். வெட்டுவாயில் கையை வைத்துப் பார்த்தாள், ஈரமாக இருந்தது. கிளைக்குள் புகுந்து கொம்பொன்றை ஆட்டிப் பார்த்தாள். வெளியே வந்து, "செத்துதான் போச்சி" என்றாள்.

பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டாள். "பேரு?"

"புளியமரம்தான். ஸ்டாப்புக்கே அதானே பேரு" என்றார் கண்டக்டர்.

"எனுக்கு இன்னா முறை?"

அவளே கொஞ்சம் யோசித்து, "மாமன் முறைன்னு வச்சிக்கிறேன். சின்னதுல இருந்து கல்லால அடிச்சிக்கினுதான் இருந்தேன், ஒரு நாளும் கோச்சிக்கல" என்றாள். "கடைசியா ஆசப்பட்டு இன்னா சாப்ட்டாரு?"

யாரோ ஒரு மலைக்காரக் கிழவர் பஸ் சன்னலில் இருந்து சொன்னார்: "நேத்து சாயங்காலம் பேஞ்ச மழை."

பெரியம்மா மடியில் இருந்த வெற்றிலையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அடிமரத்தில் ஒரு கையை ஊன்றி உட்கார்ந்தாள்.

மைக் செட்காரர் அதற்குள் கூரைமேல் ஏறி டேப் ரெக்கார்டரை இறக்கிவிட்டார். அவரிடம் இருந்தது இரண்டே கேசட். ஒன்று சாமிப் பாட்டு; அதன்மேல் ஒப்பாரியை ஏற்றக்கூடாது. இன்னொன்று மஞ்சள் நீர், சீர்வரிசைக்குப் போடுகிற மேளப் பாட்டு. அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு, டேப்பைக் கிளைப் பிரிவில், அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கினார். காக்கை ஒன்று கத்தியது. பின்னால் வந்து நின்ற ஒரு பஸ் விவரம் தெரியாமல் ஆரன் அடித்தது.

ஆறு கல் தூரத்துக்கும்
அடையாளம் நீயிருந்தே
அடையாளம் சாஞ்ச பின்னே
அட்ரஸ் எதைச் சொல்லுவேன்?

நேத்து பேஞ்ச மழைத்தண்ணி
நெஞ்சு நனையக் குடிச்சியே
இன்னிக்கிப் பேயும் மழை
எந்த வேரு குடிக்கும் மாமா?

கொடை இல்லாச் சனத்துக்குக்
கொம்பு விரிச்சி நின்னவனே
கோடாலி வந்தப்போ
கொம்ப மடக்கத் தோணலையே?

இந்த இடத்தில் என் சித்தப்பா மகன் கோடாலியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பஸ்ஸில் பிள்ளைகள் அழுவதை நிறுத்தியிருந்தன. பெரியவர்கள் ஆரம்பித்திருந்தார்கள்.

இன்னும் இருந்தது பாட்டு. அதற்குள் போலீஸ் வேன் வருகிறது என்று யாரோ கத்த, கூட்டம் கலைந்து கரும்புக்குள் ஓடியது. நானும் ஓடினேன், படிப்பவன் என்று நெற்றியில் எழுதியா இருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது பெரியம்மா அந்த இடத்திலேயே, முகத்தை மரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டா, பேச்சா, எனக்குக் கேட்கவில்லை. யாருக்கும் கேட்டிருக்காது.

வேன் வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். பழைய பெரியம்மா. "சரி, பதினாறாம் நாளு காரியத்துக்கு எல்லாரும் வந்துருங்க" என்றாள்.

மைக் செட்காரர் பெருமையாக டேப்பைச் சுற்றி முதல் நாலு வரியைப் போட்டுக் காட்டினார். தன் குரலை அவள் அப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை. "ஐயே, யாரு இவ, இந்த அழுவ அழறா" என்றாள். சிரித்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். "தம்பி, நிறுத்து. அத அழிச்சிடு."

"நல்லா இருக்குதுக்கா."

"பொட்டியில பூந்த கொரலு எந்த வூட்டுக்குப் போவும்னு யாரு கண்டா? எம்மொவ ஊருல போயி கேட்டுதுன்னா நான் செஞ்ச சத்தியம் இன்னா ஆவறது? அழிச்சிடு."

"அழிச்சிடறேன்க்கா."

அடுத்த வருஷம் காலேஜில் நாட்டுப்புறப் பாடல் சேகரித்து வரச் சொன்னார்கள். நோட்டும் பேனாவுமாகப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன்.

"பெரிம்மா, ஒரு ஒப்பாரி சொல்லு. எழுதிக்கிறேன்."

"யாரு செத்தது?"

"யாரும் சாவல. படிப்புக்கு."

"யாரும் சாவாம எப்பிடிடா வரும்? வேணும்னா நீ கொஞ்ச நேரம் செத்து இரு."

எனக்குப் படிப்புதான் முக்கியம். படுத்தேன். அவள் என் தலைமாட்டில் உட்கார்ந்து, "பேரு காலேசு. பிள்ள முறை. கடைசியா இன்னாடா சாப்ட்ட?" என்று கேட்கும்போது என் அம்மா வாசலில் வந்து நின்றாள். துடைப்பம் இருவர் மேலும் விழுந்தது. மைக் செட்காரரிடம் போய் அந்தக் கேசட்டைக் கேட்டேன். "அன்னிக்கே அழிச்சிட்டேன் தம்பி" என்றார்.

அதற்கு அடுத்த வருஷம் பெரியம்மா செத்துப்போனாள். நாற்றங்காலில் தண்ணீர் கட்டிவிட்டு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பாட ஆள் இல்லை. தெரிந்த பெண்களும் தயங்கினார்கள். "நாம பாடினா, நல்லா இல்லன்னு எழுந்து உக்காந்து சொல்லிடுவா" என்றார்கள். சாவு வீட்டில் சிரிப்பு வந்தது. அக்கா வந்தது, தலைமாட்டில் உட்கார்ந்தது. கண்ணில் தண்ணீர் இல்லை. பார்த்தவர்கள், "அம்மாவுக்கேத்த பொண்ணு" என்றார்கள். காதில் விழுந்திருக்கும். என்னிடம் மட்டும் சொன்னது: "நான் அழுவணும்னுதான்டா பாக்கறேன். அன்னிக்கிப் பல்ல காட்டிக்கினு நின்னாளே, அதுவே வந்து முன்னாடி நிக்குது. எனுக்கு ஒரு நாளாவது அழுதிருப்பாளா?"

நான் படித்தவன். மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ஒரு வருஷம் கழித்து அக்காவின் மகளுக்கு மஞ்சள் நீர். டில்லியில் மறுபடியும் இட ஒதுக்கீட்டுச் சண்டை. டீக்கடை எல்லாம் அதே பேச்சு. அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் நான்தான். நானும் அம்மாவும் தெருவும் சேர்ந்து சீர்த்தட்டுகளோடு போனோம். மைக் செட்டும் நம் ஊர் செட்டுத்தான் வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தது. வாசல் தென்னையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, தெரு முழுக்கக் கேட்க மேளப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பந்தி போட்டதும் மைக் செட்காரர் என்னிடம் வந்தார். "தம்பி, டிகிரி படிச்சவன் நீ. இத கொஞ்சம் பாத்துக்க. ஒரு கை சாப்ட்டு வந்துடறேன். ஒண்ணும் தொடாத."

அவர் போன கொஞ்ச நேரத்தில் கேசட் ஓடி முடிந்து நின்றது. அப்போதுதான் தெரு முனையில் கடைசிச் சீர்த்தட்டுகள் வந்துகொண்டிருந்தன. பாட்டு இல்லாமல் தாய்மாமன் சீர் நுழையலாமா? ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கம் இருக்கும். இது எனக்குத் தெரியாதா? திருப்பிப் போட்டேன்.

தென்னையில் காக்கை கத்தியது. ஒரு பஸ் ஆரன் அடித்தது. அந்தத் தெருவில் பஸ்ஸே வராது.

ஆறு கல் தூரத்துக்கும் அடையாளம் நீயிருந்தே...

தட்டு ஏந்தி வந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். என் அம்மா கையில் இருந்த தட்டில் தேங்காய் உருண்டது. எனக்கு எந்தப் பொத்தானை அமுக்கினால் நிற்கும் என்பதே மறந்துவிட்டது. பந்தியில் இருந்து மைக் செட்காரர் சோற்றுக் கையோடு ஓடி வந்தார். அவருக்கு முன்னால் அக்காவின் மாமியார் வந்துவிட்டாள்.

"எவன்டா அவன்? பொண்ண மணையில உக்கார வச்சிக்கினு ஒப்பாரி போடறான்? நிறுத்து."

மைக் செட்காரர் கையை நீட்டினார். அதற்குள் அக்கா கூடத்திலிருந்து வெளியே வந்தது. பட்டுப்புடவையும் பூவுமாக, முகம் வெளுத்து. தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தது. நான் ஒரே மூச்சில் சொன்னேன்: "அக்கா, அது மனுசருக்குப் பாடினது இல்ல. மரத்துக்கு. ரோடு மறியல் அப்ப. நம்ம ஸ்டாப்பு புளியமரத்துக்கு."

அக்கா மைக் செட்காரரின் கையைப் பிடித்துக்கொண்டது. "நிறுத்தாதீங்க."

"நல்ல காரியம் நடக்குது" என்றாள் மாமியார்.

"எங்கம்மா அத்தே."

தெருவே மாமியாரைப் பார்த்தது. அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். "கோடாலி வந்தப்போ கொம்ப மடக்கத் தோணலையே" என்று வந்தது. அவள் வாய் கொஞ்சம் அசைந்தது. "மரத்துக்கா?" என்றாள். "மரம்னா பரவால்ல." பிறகு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க வூட்டாளுக்குப் பாட மாட்டேன்னு வந்தவ, இப்பத்தான் எங்க வாசல்ல பாடறா" என்றாள்.

போலீஸ் வேன் என்கிற கூச்சல் வந்தது. ஓடுகிற சத்தம். நான் பாட்டு முடிந்தது என்று நினைத்தேன். "சவுண்டு ஏத்து" என்றார் மைக் செட்காரர். அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார் என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. குமிழைத் திருகினேன். முணுமுணுப்பு பெரிதாகித் தெருவெல்லாம் நிறைந்தது.

எம்மொவளை ஏத்திவிட்டேன்
எதிரே நீ பாத்திருந்தே
அழுதா எறங்கிடுவான்னு
அடக்கிக்கினு சிரிச்சேனே

பஸ்ஸு போன பின்னாடி
பட்டையில மூஞ்சி வச்சேன்
ஊருக்குத் தெரியாம
உங்கிட்ட அழுதேனே

பாத்த கண்ணு நீ ஒண்ணு
படுத்துட்டியே மாமா – இனி
அழுதேன்னு நான் சொன்னா
ஆரு சாட்சி சொல்லுவாங்க?

கேசட் இரைந்துகொண்டே ஓடியது. மைக் செட்காரர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அழிக்கத்தான் போனேன். அந்தக் கடைசி வரி வந்துது. கை வர்ல. அழிச்சிட்டேன்னு அவங்ககிட்ட பொய்தான் சொன்னேன்."

கள்ளக்குறிச்சியில் முதல் நகல் எடுத்தது மாமியாருக்காகத்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அங்கிருந்துதான் அது டீக்கடைக்கும் லாரிக்கும் மலைக்கும் போனது. பெரியம்மா பாடியதில் உயிரோடு இருப்பவர் வீட்டில் போடக்கூடிய ஒப்பாரி அது ஒன்றுதான். அதில் செத்திருப்பது மரம்.

அன்று எல்லோரும் அக்கா அழும் என்று காத்திருந்தார்கள். அக்கா விடுவிடென்று கூடத்துக்குள் போனது. நான் பின்னாலேயே போனேன். சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி, கதவுப் பக்கம் வெளிச்சத்தில் கொண்டுவந்து, புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தது. பின்னால் நின்று சிரிக்கிற அம்மாவின் மூக்கு நுனியில், அந்த உரிந்த இடத்தில், விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பியது. கண் நிறைய தண்ணீர். வாய், அசல் பெரியம்மா மாதிரி, பல்லெல்லாம் தெரிய.

"ஏன்டா, எங்க வூட்டுல ஏதுடா ஆடு?"